பாய்வள்ளத்தில் தங்கியிருந்தபடியே அதைத் திருத்துவது எப்படி

பணமும் இடமும் உள்ளவர்கள் வள்ளத்தைக் கரையில் ஏற்றி, ஆட்களைப் பிடித்து, எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றித் திருத்திவிடுவார்கள். இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியில், பூநகரி முதல் விடத்தல்தீவு வரையான மேற்குக் கரையிலோ, சுண்டிக்குளம் முதல் கொக்கிளாய் வரையான கிழக்குக் கரையிலோ பழைய பாய்வள்ளம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதிலேயே படுத்து, அதிலேயே சமைத்து, கிடைக்கும் நேரத்தில் சிறிது சிறிதாக அதைச் சீராக்க நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவர்களுடைய வேலை வேறு வகையானது. வீட்டுக்காரர் வீட்டுக்குள் இருக்கும்போதே கூரையைப் பிரித்து வேய்வதைப் போல, எந்த ஓட்டை எப்போது திறக்கலாம், எப்போது அதை மூடியே ஆக வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது.

ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். பொழுதுபடும் நேரத்தில் வள்ளம் மிதக்க வேண்டும். உள்ளே வரும் நீரை இறைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போகக்கூடியதாக இருக்க வேண்டும். நனையாமல் படுக்க ஓர் ஆளுக்காவது இடம் இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்றையேனும் குலைக்கிற வேலை எதுவானாலும், அன்றைய வெளிச்சத்துக்குள் முடியக்கூடிய அளவுக்கு அதைத் துண்டாக்கிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். பாய்மரத்தை இறக்கியிருக்கும் நாளில் எஞ்சினைக் கழற்றக் கூடாது. எஞ்சின் கழற்றிக் கிடக்கும் நாளில் சுக்கானில் கைவைக்கக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டைகளைத் திறக்கவே கூடாது.

பாயைப் பழைய காலத்துச் சங்கதி என்று சொல்பவர்களுக்கு வன்னியின் அண்மைக்கால அனுபவமே போதுமான பதிலாகும். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் எரிபொருள் தட்டுப்பட்டிருந்த ஆண்டுகளில் பாயும் துடுப்பும்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் உயர்ந்தபோது, பாயைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தவர்களுக்கு அதன் அருமை மறுபடியும் தெரிந்தது.

எந்தக் கரை, எந்தக் காலம்

வன்னிக்கு இரண்டு கடல்கள் இருப்பது, வள்ளத்தில் தங்கி வேலை செய்பவருக்குக் கிடைத்த பெரிய வசதி. மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது முல்லைத்தீவுப் பக்கத்துக் கரைக்குக் காற்று தரையிலிருந்து வருகிறது. கடல் கரையோரத்தில் ஓரளவு அடங்கிக் கிடக்கும். வாடை என்னும் வடகிழக்குக் காற்று பிடித்த பிறகு நாச்சிக்குடா, இரணைதீவு, விடத்தல்தீவுப் பக்கம் அதே நன்மையைப் பெறுகிறது. ஆனால் ஆனையிறவில் ஏ9 வீதியின் அணை கடல்நீரேரியைக் குறுக்கே மறித்திருப்பதால், நினைத்த நேரத்தில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறிவிட முடியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுற்றிப் பருத்தித்துறையைக் கடந்துதான் போக வேண்டும். எனவே எந்தக் கரையில் எந்த வேலையைச் செய்வது என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

ரெசின் வேலை, பெயின்ற் வேலை, மேல்தட்டைத் திறக்கும் வேலை ஆகியவற்றைப் பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை வைத்துக்கொள்ளுங்கள். மழை விட்டிருக்கும், காற்று இன்னும் கடுமையாகியிருக்காது. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை எதையும் திறந்து வைக்க வேண்டாம். அந்த மாதங்களில் பாய் தைப்பது, கயிறு பின்னுவது, வயர்களைச் சீராக்குவது போன்ற உட்கார்ந்து செய்யும் வேலைகளே பொருத்தமானவை. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறி, வன்னியின் ஊடாக மேற்கே மன்னார்ப் பக்கம் போனது. அந்த மாதங்களில் இரண்டு கரைகளும் ஒரே ஆபத்துக்குள்தான் இருக்கின்றன.

தங்கும் இடத்தைத் தெரிவு செய்தவுடன் அந்த ஊரின் கடற்றொழிலாளர் சங்கத்துக்குச் சொல்லிவிடுங்கள். யார், எத்தனை நாள், என்ன வேலை என்பது ஊருக்குத் தெரிந்திருந்தால், இரவில் வள்ளத்தில் வெளிச்சம் எரிவதைப் பற்றி ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். வள்ளத்தை இழுக்க ஆள் தேவைப்படும் நாளில் கைகொடுக்கவும் வருவார்கள். பெயின்ற் அடிக்கும்போது பதிவு இலக்கத்தை மூடிவிடாமல், அதே இடத்தில் தெளிவாகத் திரும்ப எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

வள்ளத்தை வாங்கியவுடன் சான்ட் பேப்பரைக் கையில் எடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை ஒரு கிழமை தள்ளிவைத்துவிட்டு, வள்ளத்தில் வெறுமனே தங்கியிருந்து பார்ப்பதே சிறந்த சோதனை. ஓர் இரவில் எவ்வளவு நீர் சேர்கிறது, காற்று வந்தால் சேர்கிறதா, நின்ற இடத்திலேயே சேர்கிறதா, மழைக்குப் பிறகு மட்டும் சேர்கிறதா என்பவை அங்கே படுத்திருப்பவருக்கே தெரியவரும்.

சேர்ந்த நீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பாக இருந்தால் அடிப்பக்கத்திலிருந்து வருகிறது. உப்பில்லாமல் இருந்தால் மேல்தட்டு, மூடி, பாய்மரம் நுழையும் துளை ஆகியவற்றின் வழியாக மழைநீர் இறங்குகிறது. கடல்நீரேரிக்குள் நிற்பவர்கள், அங்குள்ள நீரே மாரியில் உவர்ப்புக் குறைந்திருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. முதலில் வெளியே உள்ள நீரைச் சுவைத்துவிட்டு, பிறகு உள்ளே உள்ளதைச் சுவைத்து ஒப்பிட வேண்டும்.

உப்புநீர்தான் என்று தெரிந்த பிறகு, உட்பக்கத்தை முழுவதும் இறைத்து, துணியால் ஒற்றி, வெயிலில் காயவிட்டு, சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகு ரோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், வெண்மையின் நடுவே நீர் ஓடிய தடம் கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை மேல்நோக்கிப் பின்தொடர்ந்தால் வாயைக் கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலும் அது ஆணியொன்றின் தலையாகவோ, எஞ்சின் பூட்டும் பின்பலகையின் ஓரமாகவோ, ஏரா என்னும் அடிமரமும் முதல் பலகையும் சேரும் இடமாகவோ இருக்கும்.

பைபர் (கண்ணாடியிழை) வள்ளமானால் சிறிய சுத்தியலின் பிடியால் உடல் முழுவதையும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்த இடம் மந்தமாக, பொத்தென்று ஒலிக்கும். அந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தத் தீவு முழுவதும் பைபர் படகுகள் அவசர அவசரமாகச் செய்து கொடுக்கப்பட்டன; அவற்றில் தரம் குறைந்தவையும் இருந்தன. கைமாறிக் கைமாறி வந்த உடல்கள் இன்னமும் ஓடுகின்றன. அத்தகைய உடலில் பின்பலகைக்கு உள்ளே வைத்த ஒட்டுப்பலகை ஊறி அழுகியிருப்பதும், மேற்பூச்சுக்குக் கீழே ரெசின் படாத வெறும் இழைகள் இருப்பதும் அடிக்கடி காணப்படும் குறைகள்.

பைபர் ஒட்டும் வேலை

இந்த வேலையைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிகம் தேவைப்படுவதும் இதுவே. தங்கியிருக்கும் ஆளுக்கு அதிகத் தீங்கு செய்யக்கூடியதும் இதுவே.

உடைந்த இடத்தை மேலால் ஒட்டி மூடுவதால் பயனில்லை. பழைய பைபரும் புதிய பைபரும் ஒன்றாகி வளர்வதில்லை. புதியது பழையதன் மீது பசைபோல ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். எனவே ஒட்டும் பரப்பு அகலமாக இருக்க வேண்டும். உடலின் தடிப்பு 6 மில்லிமீற்றர் என்றால், அதன் 12 மடங்கு, அதாவது ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர் அகலத்துக்கு ஓட்டையைச் சுற்றிலும் சரிவாகச் சீவ வேண்டும். ஓட்டையின் விளிம்பில் கத்திபோல மெலிந்து, வெளியே போகப் போக முழுத் தடிப்பையும் அடைவதாக அந்தச் சரிவு இருக்க வேண்டும். கரையில் மின்சாரம் கிடைத்தால் கிரைண்டரால் சிறிது நேரத்தில் முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் முரட்டு அரமும் 40 ஆம் இலக்க சான்ட் பேப்பரும் போதும், நேரம் மட்டுமே அதிகமாகும். சீவும்போது எழும் தூள் படுக்கைக்குள் போனால் பல நாட்களுக்குத் தோல் அரிக்கும். ஆகவே வேலைக்கு முன்பாகப் பாய், தலையணை, உடுப்பு, அரிசி, மா எல்லாவற்றையும் பொலித்தீன் உறையில் கட்டிக் கரைக்கு இறக்கிவிடுங்கள். முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம்.

சீவிய இடம் நன்றாகக் காய வேண்டும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் முதலில் நன்னீரால் இரண்டு முறை கழுவுங்கள். பிறகு தெளிவான பொலித்தீன் துண்டொன்றை நான்கு பக்கமும் ரேப்பால் ஒட்டி ஒரு பகல் முழுவதும் விட்டுப் பாருங்கள். பொலித்தீனின் உட்பக்கத்தில் வியர்வைத் துளிகள் கட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது, காத்திருக்க வேண்டும். வெயில் எரிக்கும் மார்ச் மாதத்தில்கூட இதற்குச் சில நாட்கள் பிடிக்கலாம். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் ஒட்டிய துண்டு அடுத்த மாரிக்குள் கழன்றுவிடும்.

சாதாரணப் பொலியெஸ்ரர் ரெசினுடன் அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் கலக்கும் அளவு பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை. அதாவது ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர். நமது வெயிலில் குறைந்த அளவையே நாடுங்கள். வாங்கிய ரெசின் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறிய, சிரட்டை ஒன்றில் 100 கிராம் அளவு ஊற்றி, ஒரு மில்லிலீற்றர் ஹார்ட்னர் விட்டு, ஈர்க்கால் கலக்கி, வேலை செய்யப் போகும் அதே நிழலில், அதே நேரத்தில் வைத்துப் பாருங்கள். சிறிது நேரம் தேன்போல வழியும். பிறகு ஈர்க்கைத் தூக்கும்போது நூல்போல இழுபடும். அதற்குப் பிறகு திடீரென்று களியாகிவிடும். களியாவதற்கு எடுத்த நேரமே உங்கள் கையில் இருக்கும் நேரம். அது கால் மணிக்கும் குறைவாக இருந்தால் காலை வெயில் ஏறுவதற்கு முன்போ, மாலை 4 மணிக்குப் பிறகோ வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய வாளியில் ஒரேயடியாகக் கலக்கக் கூடாது. திரண்டு கிடக்கும் ரெசின் தன் சூட்டாலேயே புகைந்து தீப்பிடிக்கும் அளவுக்குப் போகக்கூடும்.

இரண்டு எச்சரிக்கைகளை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சில கடைகளில் ஊதா நிறமான கோபால்ற் திரவத்தைத் தனிப் போத்தலில் தருவார்கள். அதை முதலில் ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். கோபால்ற்றும் ஹார்ட்னரும் ஒன்றுடன் ஒன்று நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும். இரண்டு போத்தல்களையும் ஒரே பெட்டியில் வைக்கவும் வேண்டாம். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம். அருகில் ஒரு குடம் நன்னீர் இருக்க வேண்டும். தெறித்தால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டு, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள மேட் (கண்ணாடியிழை விரிப்பு) ஒன்று இறுகிய பிறகு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பைத் தரும் என்று கணக்கிடலாம். மேட்டின் நிறையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் தேவைப்படும். ஓட்டையின் மறுபக்கத்தில் மெழுகு பூசிய போர்மைக்காத் தகடு ஒன்றை இறுக்கிக் கட்டி, பழைய பரப்பில் முதலில் ரெசினைத் தடவி, அதன் மேல் மேட்டை வைத்து, தூரிகையால் இழுக்காமல் குத்திக் குத்தி நனைக்க வேண்டும். வெண்மையாகத் தெரியும் இடமெல்லாம் காற்று அகப்பட்ட இடம். அது மறையும்வரை உருளையால் உருட்டுங்கள். மேட்டுகளுக்கு இடையில் நெய்த துணி ஒன்றை வைத்தால் பலம் கூடும். ஆனால் பழைய பரப்பைத் தொடும் முதல் அடுக்கும், கடைசி அடுக்கும் மேட்டாகவே இருக்கட்டும். மூன்று நான்கு அடுக்குகளுக்கு மேல் ஒரே தடவையில் ஏற்றினால் சூடு கூடி வெடிப்பு விழும். கடைசிப் பூச்சு காற்றுப் பட்டால் பிசுபிசுத்தே கிடக்கும் என்பதால், அதன் மேல் பொலித்தீனை நீவி ஒட்டி, இறுகிய பிறகு உரித்துவிடுங்கள்.

ஆசனங்களுக்குக் கீழே மிதப்புக்காக ரெஜிபோம் (வெண்ணிற நுரைப்பலகை) அடைத்திருக்கும் வள்ளங்களில் மேலும் கவனம் தேவை. இந்த ரெசின் ரெஜிபோமைத் தின்று கரைத்துவிடும். அந்த இடத்தில் வேலை செய்ய வேண்டுமானால் ரெஜிபோமை முன்பே வெளியே எடுத்துவிட்டு, ரெசின் இறுகி மணம் முழுவதும் போன பிறகு திரும்ப அடைக்க வேண்டும். எப்பொக்சி ரெசின் இதைக் கரைக்காது. பழைய பைபரில் சாதாரண ரெசினைவிட நன்றாகப் பிடிக்கவும் செய்யும். விலைதான் கூட. எப்பொக்சியின் மேல் சாதாரண ரெசின் ஒழுங்காக ஒட்டாது என்பதால், ஓரிடத்தில் எப்பொக்சியைத் தொட்டுவிட்டால் அங்கே கடைசிவரை எப்பொக்சிதான்.

படுக்கை விடயத்துக்கு வருகிறேன். ரெசினின் ஆவி காற்றைவிடப் பாரமானது; வள்ளத்தின் அடியில், சரியாக ஆள் படுக்கும் மட்டத்தில் தங்கும். உட்பக்கம் ஒட்டிய நாளிலும் அதற்கடுத்த நாளிலும் உள்ளே படுக்க வேண்டாம். மேல்தட்டிலோ கரையில் மீனவர் வாடியிலோ படுத்துக்கொள்ளுங்கள். அந்த மணம் இருக்கும்வரை வள்ளத்துக்குள் அடுப்பு மூட்டுவதும், சுருட்டுப் பற்றவைப்பதும் கூடாது. இயன்றவரை வெளிப்பக்கத்திலிருந்து ஒட்டும்படி வேலையை ஒழுங்கு செய்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

மர வள்ளமானால்

மர வள்ளத்தின் குறை பெரும்பாலும் பலகைகளின் பொருத்துகளிலும் வங்குகள் என்னும் உட்பக்க விலாச் சட்டங்களின் அடியிலும் இருக்கும். பொருத்துகளில் பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்து, புதிய பருத்தி இழையை மழுங்கிய உளியாலும் கொட்டாப்புளியாலும் அடித்து இறக்கி, மேலே எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுவதே நமது முறை. கரையில் ஏற்றிய வள்ளத்தின் பலகைகள் வெயிலில் சுருங்கி இடைவெளி காட்டும். அந்த இடைவெளியைப் பார்த்துப் பயந்து இழையை அளவுக்கு மிஞ்சி அடைக்கக் கூடாது. நீரில் இறங்கியதும் பலகை ஊதும்போது, இறுகிய இழை ஆணிகளையே பிடுங்கிவிடும். கரையில் நிற்கும் நாட்களில் சாக்குகளைக் கடல்நீரில் நனைத்து உடலின் மேல் போட்டு வையுங்கள். கடல்நீர்தான் வேண்டும். மரத்தை அழுக வைப்பது மழைநீரே. வள்ளத்துக்குள் மழைநீர் தேங்கினால் அன்றே இறைத்துவிட வேண்டும்.

வங்குக்கு இயற்கையாகவே வளைந்த பூவரசங் கொம்பைவிட நல்லது எதுவும் இல்லை. கயிறு கட்டும் முளைகளுக்கும் பாயைத் தாங்கும் பருமல் மரம் உராயும் இடங்களுக்கும் பாலை அல்லது முதிரைத் துண்டுகள் பல ஆண்டுகள் தாங்கும். காட்டுமரத்தை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெட்டவோ ஏற்றவோ கூடாது என்பதால், மரக்காலைகளில் கழிவாக ஒதுக்கும் சிறிய துண்டுகளைக் கேட்டு வாங்குவதே வசதி. கரைக்குப் பின்னால் உள்ள பற்றைகளுக்குள் கொம்பு தேடிப் போகிறவர்கள், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நட்டிருக்கும் இடங்களுக்குள் ஓர் அடியும் வைக்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடிக்கப்படாத நிலம் வன்னிக் கரைகளில் இன்னும் உண்டு.

மரமும் பாயும் கயிறும்

பாய்மரத்தின் நுனியைவிட அடியையே முதலில் பாருங்கள். நீர் தேங்கும் இடம் அதுதான். கூரிய கத்தியின் நுனி எளிதாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. அடி பொருந்தும் கட்டையில் விரல் நுழையும் அளவு வடிதுளை ஒன்றை ஏற்படுத்தினால் மீதி மரத்தைக் காப்பாற்றலாம்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்களைப் பழைய பருத்தித் துணியால் பிடித்து, மேலிருந்து கீழாக இழுத்துச் சோதியுங்கள். துணி கொளுவிக்கொண்டால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. அந்த வடத்தை மாற்ற வேண்டியதுதான். இரண்டு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் அவற்றில் ஒன்று தின்னப்படும். அலுமினியத்தில் துருப்பிடிக்காத உருக்கு ஆணியை இறுக்கும்போது இடையில் பழைய சைக்கிள் ரியூப்பின் துண்டு ஒன்றையும் கிறீஸையும் வைத்தால் இதைப் பெரிதும் தவிர்க்கலாம். செப்புக் கலந்த அடிப்பெயின்ற்றை அலுமினிய எஞ்சின் காலில் பூசக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

பாயில் துணிக்கு முன்பே நூல்தான் சாகிறது. தையலை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். நூல் பொடியாக உதிர்ந்தால் வெயில் அதைத் தின்றுவிட்டது, அந்தத் தையல் முழுவதையும் திரும்பப் போட வேண்டும். பொலியெஸ்ரர் நூலைத் தேன்மெழுகில் இழுத்து, கோணி ஊசியால் பழைய துளைகளின் வழியாகவே தைக்கலாம். ஒட்டுத்துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலையிலிருந்து கிழிசல் மறுபடி தொடங்கும். நல்ல பாய்த்துணி நமது கடைகளில் கிடைப்பது அரிது. பலர் தறப்பாளையே பாயாக்குகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் தறப்பாளின் ஓரத்தில் உள்ள உலோகக் கண்களை நம்பிக் கட்டினால் முதல் வலுவான காற்றிலேயே அவை பிய்ந்துவிடும். ஓரத்தை ஒரு கயிற்றைச் சுற்றி மடித்துத் தைத்து, அந்தக் கயிற்றில்தான் கட்ட வேண்டும். எந்தப் பாயானாலும் நிற்கும் நேரத்தில் அவிழ்த்தோ உறைபோட்டோ வையுங்கள்.

மேற்குக் கரையிலிருந்து யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்குள் போக வேண்டியவர்களுக்கு ஒரு மேம்பாட்டைப் பரிந்துரைப்பேன். 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்துக்குக் கீழே போக, பாய்மரத்தை ஒருவரே சாய்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். மரத்தின் அடியில் இரு பக்கமும் இரண்டு முதிரைப் பலகைகளை நிறுத்தி, அவற்றின் ஊடாகத் தடித்த ஆணி ஒன்றைக் கோத்து, அந்த ஆணியில் மரம் மடிந்து சாயும்படி செய்துகொள்ளலாம். மரத்தைக் கழற்றிக் கரையில் வைத்துப் பார்க்கும் வேலைகளெல்லாம் இதன் பிறகு வள்ளத்திலேயே நடக்கும்.

தங்குவதற்கான வசதிகள்

வெயிலைத் தடுக்காமல் வேறு எந்த வசதியைச் செய்தும் பயனில்லை. கிடுகு வேய்ந்த சிறு கூடாரம் மிகக் குளிர்ச்சியானது, செலவும் குறைவு. ஆனால் தீக்குப் பயப்பட வேண்டும், காற்றில் அதுவே ஒரு பாயாகி நங்கூரத்தை இழுத்துவிடும். பருமலுக்கு மேல் வெள்ளைத் துணியைக் கட்டி, இரண்டு முடிச்சுகளை அவிழ்த்தவுடன் இறக்கக்கூடியதாகச் செய்வதையே நான் விரும்புகிறேன். அதன் நடுவைச் சற்றுத் தாழ்த்திக் கட்டினால் மழைநீரைக் கானில் பிடிக்கவும் உதவும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் என்று கணக்கு வைத்து, ஒரே பெரிய கானில் அல்லாமல் பல சிறிய கான்களில் நீரைப் பிரித்து வையுங்கள். ஒன்று உடைந்தாலும் மற்றவை மிஞ்சும். எல்லா மூடிகளின் உட்பக்கத்திலும் நுளம்பு வலையைச் சட்டம்போட்டுப் பொருத்துங்கள். களப்புப் பக்கத்தில் வலையில்லாமல் ஓரிரவும் உறங்க முடியாது.

சமையலுக்கு எரிவாயு வைத்திருப்பவர்கள் சிலிண்டரை உள்ளே வைக்கக் கூடாது. எரிவாயுவும் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் அடியில் தேங்கி ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். மேல்தட்டில், கசிவு கடலுக்குள் வழியும் வகையில் திறந்த பெட்டியில் சிலிண்டர் இருக்கட்டும்.

மின்சாரத்துக்கு 100 வாட் சூரியத் தகடு ஒன்றும் 12 வோல்ற் பற்றறி ஒன்றும் போதும். நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 வாட்-மணி கிடைக்கும். இரண்டு எல்இடி விளக்கு, கைபேசி, சிறிய மின்விசிறி, நீர் இறைக்கும் பம் ஆகியவற்றை அது தாங்கும். தகட்டின் மேல் ஒரு கயிற்றின் நிழல் விழுந்தாலும் வரவு வெகுவாகக் குறையும் என்பதால் அதைப் பாய்மரத்துக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளிப் பொருத்துங்கள். பற்றறியிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். ஈயப் பற்றறியைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். அதை உயரமான, காற்றோட்டமான இடத்தில் கட்டி வையுங்கள். மின்னேற்றும்போது அதிலிருந்து எரியக்கூடிய வாயு வருகிறது, கடல்நீர் உள்ளே புகுந்தால் நச்சுக் குளோரின் வாயு வரும். வயர் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் வசலின் தடவுங்கள், கறளும் பச்சையும் பிடிக்காது. பம் இருந்தாலும் நல்ல வாளி ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

நங்கூரத்தைக் கடைசியில் சொன்னாலும், நிம்மதியான உறக்கம் அதில்தான் இருக்கிறது. நீரின் ஆழத்தோடு வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தின் உயரத்தையும் கூட்டி, அதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். இரண்டு மீற்றர் நீரில், ஒரு மீற்றர் உயரமான அணியம் என்றால், 15 முதல் 21 மீற்றர். நங்கூரத்தை அடுத்து சில மீற்றர் சங்கிலியும், அதன் பிறகு நைலோன் கயிறும் நல்லது. நைலோன் இழுபட்டு அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். நீல நிற மிதக்கும் கயிறு வெயிலில் பொடியாகும், எஞ்சின் விசிறியிலும் சிக்கும். இந்தக் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனால் பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் அந்தச் சிறு ஏற்ற இறக்கமே வள்ளத்தைச் சேற்றில் குந்தவைத்துவிடும். அடியைக் கழுவி, ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்ட நினைப்பவர்கள் அதே நாட்களைத் தெரிந்து, பெருக்கில் ஏற்றி, வற்றில் வேலையை முடிக்கலாம். சாதாளை என்னும் கடற்தாவரம் படர்ந்த இடத்தில் நங்கூரம் மேலால் வழுக்கிப் போகும். வெண்மணல் தெரியும் திட்டைத் தேடிப் போட்டு, கயிறு இறுகும்வரை வள்ளத்தைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்து, கரையில் ஒரு பனையையும் ஒரு வாடியையும் நேர்கோட்டில் குறித்துக்கொண்டு, அரை மணி நேரம் கழித்தும் அந்தக் கோடு மாறவில்லை என்பதை உறுதி செய்த பிறகு படுக்கப் போங்கள்.